எலியேசர் வீட்டுச் சாமந்தி

எங்கள் அஸ்தினாபுரம் அடுக்ககத்தில் எட்டு வீடுகள். ஏழு வீட்டுக்காரர்கள் பால்கனியில் தொட்டி வைத்துச் சாமந்தி வளர்க்கிறோம். எலியேசர் மட்டும் ஹாலில், தண்ணீருக்குள் வளர்க்கிறார்.

கடல்சாமந்தி என்று பேர். பார்க்கப் பூ மாதிரி இருக்குமே தவிர, அது பிராணி. நடுவில் வாய், சுற்றிலும் விரல் விரலாக நீட்டிக்கொண்டு ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு குமிழ். அடியில் ஒற்றைக் கால். அதைப் பாறைப் பொந்தில் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெளிச்சமோ நீரோட்டமோ பிடிக்கவில்லையென்றால், சொல்லாமல் கொள்ளாமல் வேறு இடத்துக்கு ஊர்ந்து போய்விடும். தொடுகிற மீனையெல்லாம் கொட்டும். ஆனால் ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி மீனை மட்டும் மடியில் வைத்துக் கொஞ்சும். தினம் சாயங்காலம் அந்தக் கூத்தைப் பார்க்காவிட்டால் எனக்குப் பொழுது போகாது.

நான் தனக்கோடி, எதிர்வீடு. முப்பத்தொரு வருடம் ரேஷன் கடையில் எடை போட்டவள். என் தராசில் ஒரு கிராம் குறைந்தது என்று எவனும் சொன்னதில்லை. வாய் கொஞ்சம் நீளம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

எலியேசருக்கு ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் வேலை. பொத்தேரி மாணவர் விடுதிகளிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனிகள் வரை அவர் பைக் போகாத இடமில்லை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள், இவர் தண்ணீர் சோதிக்கும் மீட்டரை வைத்திருப்பார். கல்யாணப் பந்தியில்கூட அதை டம்ளரில் முக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். "மானம் போவுது" என்று அவர் மனைவி ரத்தினபாய் முழங்கையால் இடிப்பாள். இவர் எண்ணைப் படித்து முடித்த பிறகுதான் நிமிர்வார்.

இப்போதிருக்கும் சாமந்தி நாலாவது. முதலாவதைத் தொட்டி வைத்த மூன்றாவது வாரமே கொண்டுவந்து விட்டார். புதுத் தொட்டியின் தண்ணீர் பக்குவப்பட ஆறு மாதமாவது ஆகுமாம், அது அப்போது தெரியாது. பத்து நாளில் கரைந்து போயிற்று. இரண்டாவது, இடம் பிடிக்காமல் நள்ளிரவில் ஊர்ந்து போய் மோட்டாரில் சிக்கிக்கொண்டது. காலையில் தொட்டி முழுக்கக் கஞ்சி. மூன்றாவது வெளிச்சம் போதாமல் வெளுத்தே செத்தது. அன்று இந்த மனுஷன் சாப்பிடவில்லை. "இனிமே ஒரு உசுர கொண்டாந்து கொல்ல மாட்டேன்கா" என்றார். ஒரு வருடம் வெறும் பாறையையும் தண்ணீரையும் மட்டுமே பராமரித்தார். அப்புறம் பெருங்களத்தூரில் ஒரு நண்பரின் தொட்டியில் சாமந்தி தானாகவே இரண்டாகப் பிளந்து குட்டி போட, அதில் ஒன்று இங்கே வந்தது. மோட்டாருக்குப் பஞ்சுறை போட்டார், நல்ல விளக்கு வாங்கினார். ஏழு வருடமாகிறது. தேநீர்த் தட்டு அளவு இருந்தது, இன்று சாப்பாட்டுத் தட்டு அளவு.

போன பிப்ரவரியில் அவர்கள் பெங்களூர் கிளம்பினார்கள். மகளுக்குப் பெண் குழந்தை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம், மொத்தம் பன்னிரண்டு நாள் பயணம். வீட்டுச் சாவியோடு ஒரு தாளையும் என்னிடம் கொடுத்தார். ஐந்தே வரி. தினம் காலையில் கேனிலிருக்கும் ஆர்.ஓ. தண்ணீரைக் கோடு வரை ஊற்ற வேண்டும். வாரம் இரண்டு முறை ஒரு சின்ன இறால் துண்டு. மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி. விளக்கு தானாக எரியும், தொடக்கூடாது. தண்ணீருக்குள் கை விடக்கூடாது.

"உப்புத் தண்ணில எதுக்கு நல்ல தண்ணி ஊத்தற?" என்று கேட்டேன்.

"ஆவியா போறது தண்ணி மட்டும்தான்கா. உப்பு உள்ளயே நின்னுடும். நாம ஊத்தலேன்னா நாளுக்கு நாள் கரிப்பு ஏறிடும்."

நியாயம்தான். ஆனால் ஆர்.ஓ. தண்ணீர் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் பழைய பகை. சத்தையெல்லாம் உறிஞ்சிவிட்ட செத்த தண்ணீர் அது என்பது என் கட்சி. அதனால் என் வீட்டில் அவரே மாட்டிக்கொடுத்த மெஷின் தண்ணீரை ராத்திரி செம்புக் குடத்தில் ஊற்றிவைத்து, காலையில்தான் குடிப்பேன். இருபது வருடமாக எனக்கு வயிற்றுவலி என்று ஒன்று வந்ததில்லை.

கேனைத் தூக்கி என் வீட்டில் வைத்தபோது, சாமந்தியை நினைத்து மனசு கேட்கவில்லை. பாவம், வாயில்லா ஜீவன், அதுவும் செத்த தண்ணீரையா குடிக்கணும்? புளி போட்டுக் குடத்தைப் பளபளவென்று தேய்த்தேன். கேன் தண்ணீரை அதில் நிரப்பி, மறுநாள் காலை ஒன்றரை லிட்டர் அளந்து ஊற்றினேன். அளவு துல்லியம். கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு போகவில்லை.

ஐந்தாம் நாள் சாமந்தி பாதியாகச் சுருங்கியிருந்தது. ஆறாம் நாள் வாய் பிளந்து கிடந்தது. பொந்தை விட்டு வெளியே வந்து பாறை விளிம்பில் தொங்கியது. மீன் ஜோடி ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. உடனே எலியேசருக்கு வீடியோ அழைப்பு போட்டுத் தொட்டியைக் காட்டினேன்.

எலியேசர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். விளக்கு எரிகிறதா? எரிகிறது. மோட்டார்? ஓடுகிறது. இறால் அழுகிக் கிடக்கிறதா? இல்லை.

"எழுதினா மாதிரியே செஞ்சேன் தம்பி. ஒரு வரி தப்பல."

"நான் இன்னிக்கி ராத்திரி பஸ்ஸ புடிச்சி வந்துடறேன்கா."

பின்னால் ரத்தினபாயின் முகம் தெரிந்தது. ஞானஸ்நானத்துக்கு இன்னும் நாலு நாள்தான். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து எனக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது.

"இரு, இரு. வந்து இன்னா பண்ணப் போற? இன்னா செய்யணும்னு சொல்லு, நான் செய்றேன்" என்றேன்.

"சரி, ஊத்தற தண்ணிய காமிங்க."

பெருமையாகக் குடத்தைக் காட்டினேன். செம்பு அப்படி மின்னியது.

"அக்கா." அவர் குரல் இறங்கிவிட்டது. "அதுலயா வெச்சிருந்தீங்க?"

"ஆமா. சத்து சேரட்டும்னுதான்."

"செம்பு நமக்கு நல்லதோ என்னவோக்கா, சாமந்திக்கு வெஷம். துளி கரைஞ்சாலே போதும்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு வருடம் வளர்த்த உயிர். ஆறே நாளில் நான் பாசமாக ஊட்டியே கொல்லப் பார்த்திருக்கிறேன். நான் இப்படி அழுது பல வருடமாகிறது.

அவர் திட்டியிருந்தால் தேவலை. "நான் மூணு கொன்னவன்கா" என்றார். "நீங்க இன்னும் ஒண்ணுகூட கொல்லல. எந்திரிங்க. உங்ககிட்ட தராசு கீதுல்ல?"

இல்லாமலா! எழுந்தேன். பரணில் உப்பு டப்பா இருந்தது, கடல் தண்ணீர் தயாரிக்கிற உப்பு. லிட்டருக்கு முப்பத்தெட்டு கிராம். இருபது லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட் ஒன்றுக்கு எழுநூற்று அறுபது, அப்படி இரண்டு பக்கெட். என் வாழ்க்கையில் எத்தனையோ டன் அரிசி நிறுத்திருக்கிறேன், இவ்வளவு பயபக்தியோடு எதையும் நிறுத்ததில்லை. சமையலறை மெஷினிலிருந்து தண்ணீர் பிடித்து, உப்பைக் கரைத்து, சின்ன மோட்டார் போட்டுச் சுழல விட்டேன். சாயங்காலம் தெளிந்ததும் தொட்டியில் இரண்டு பக்கெட் பழசை எடுத்து, இரண்டு பக்கெட் புதுசை விட்டேன். அவர் சர்வீஸ் பையிலிருந்த கரி ஃபில்டரை உடைத்து, கரியைக் கழுவி, துணிப்பையில் கட்டி நீரோட்டத்தில் தொங்கவிடச் சொன்னார். அதையும் செய்தேன். நாலு நாள் இதே வேலை. முழங்கால் வலி என்று ஒன்று எனக்கு இருந்ததே மறந்துவிட்டது.

முதல் இரண்டு நாள் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் நாள் வாயை மூடிக்கொண்டது. ஞாயிறு காலை நான் போனபோது பழைய பொந்துக்கே திரும்பியிருந்தது, விரல்கள் பாதி விரிந்திருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய மீன் பயந்து பயந்து கிட்டே வந்து, ஒருமுறை உரசிப் பார்த்துவிட்டு, உள்ளே புகுந்தது.

உடனே அழைத்தேன். எலியேசர் சர்ச் வாசலில் கோட்டு போட்டு நின்றிருந்தார். பார்த்தவர் பக்கத்திலிருந்த யாரோ ஒருவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "பாப்பாக்கு ஸ்தோத்திரம் சொல்லுன்னா மீனுக்கு சொல்லினு கீது இந்த ஆளு!" என்று ரத்தினபாய் கத்துவது கேட்டது.

ஆறு மாதம் கழித்துப் பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதென்று மறுபடியும் கிளம்பினார்கள். எலியேசர் சாவியோடு என் வாசலில் வந்து நின்றார். நான் கையை நீட்டவில்லை.

"வேற யார்கிட்டயாவது குடு தம்பி. மேல் வூட்டு ராஜகோபால் சார் பொறுப்பான ஆளு."

"அவர் வூட்லயும் செம்புக் குடம் கீதுக்கா" என்றார். "அது இன்னா பண்ணும்னு இந்த பில்டிங்ல தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்."

சாவியை வாங்கிக்கொண்டேன். அவர்கள் ஆட்டோ ஏறிப் போன பிறகு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பிரித்தேன். புதிதாக ஏதாவது எச்சரிக்கை எழுதியிருப்பார் என்று தேடினேன். அதே ஐந்து வரிதான். பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றப் போனேன்.