தூரி அழாத பாட்டு

எங்கள் ஊரில் ஒரு பாட்டு தேறுமா தேறாதா என்று முடிவு செய்வது தலைநகர் தோர்ஷாவ்னில் இருக்கும் வானொலிக்காரர்கள் இல்லை, தூரிதான்.

அவளுக்குச் சங்கீதம் என்று எதுவும் தெரியாது. தேவாலயத்தில்கூட வாயை மட்டும் அசைப்பாள். சத்தம் வெளியே வந்தால் அக்கம்பக்கத்தார் ராகம் தப்பிவிடுவார்கள் என்ற நல்லெண்ணம்தான் காரணம். மீன் ஆலையில் நின்றுகொண்டே மீன் அறுத்து, முழங்கால் தேய்ந்து, ஓய்வு வாங்கிக்கொண்டவள். ஆனால் பாட்டுக் கேட்க உட்கார்ந்துவிட்டால் ஊரின் கண்ணெல்லாம் அவளுடைய கம்பளிச் சட்டைக் கையின்மேல்தான் இருக்கும். அங்கே ஒரு கைக்குட்டை செருகியிருக்கும். அது வெளியே வந்தால் பாட்டு தேறியது. வராவிட்டால் பாடியவர் வேறு தொழில் பார்க்கலாம்.

இந்த அழுகை கல்யாணமான புதிதில் தொடங்கியது. கணவன் ஹானுஸ் மாதக்கணக்கில் கிரீன்லாந்துப் பக்கம் மீன்பிடிக்கப் போய்விடுவான். கடலில் இருப்பவர்களுக்காக வீட்டார் கேட்கிற பாட்டை வானொலியில் போடுவார்கள். தூரியும் ஒன்று கேட்டு எழுதிப்போடுவாள். அதே நேரத்தில் அவனும் கப்பலில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று நினைத்ததும், உருளைக்கிழங்குச் சட்டிக்கு முன்னால் நின்று ஓவென்று அழுவாள். பிறகு ஹானுஸ் ஒரேயடியாகக் கரையேறிவிட்டான். கண்ணீருக்கு ஓய்வு கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரே மகன் ரோயி இசை படிக்கிறேன் என்று டென்மார்க்குக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். பஞ்சமில்லாமல் அழ அவளுக்குப் புதுக் காரணம் கிடைத்துவிட்டது.

அந்த ரோயி இந்த வசந்தத்தில் வந்து இறங்கினான். கையில் கிட்டார், மனசில் ஊரைப் பற்றித் தானே கட்டிய ஒரு பாட்டு. அப்பாவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னான்: பாட்டு ஊருக்குப் பிடித்தால் இங்கேயே இருந்துவிடுவேன், இல்லாவிட்டால் அடுத்த வாரமே விமானம். ஹானுஸ் வயிற்றில் ரகசியம் தங்காது. காப்பி ஆறுவதற்குள் தூரிக்குத் தெரிந்துவிட்டது.

"அப்போ நான் அழுதா அவன் இங்கயே இருப்பானா?" என்றாள்.

"நீ எதுக்குத்தான் அழல? போன மாசம் விளம்பரப் பாட்டுக்கே அழுத. பெத்த மகன் பாட்டுக்கு வராமலா போயிரும்?"

ஊரில் வசந்தத்துக்கு ஒரு தடவை வீடுகளைத் திறந்துவிட்டுக் கூடத்திலேயே கச்சேரி வைப்பது வழக்கம். அந்த ஞாயிறு மதியம் தூரி வீட்டு முறை. வாசலில் செருப்பும் பூட்ஸும் மலையாகக் குவிந்தன. ஜன்னல் விளிம்பில்கூட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தூரி புளிப்பான ருபார்ப் தண்டு ஜாம் தடவிய கேக்கைச் சுற்றுக்கு அனுப்பிவிட்டு, கைக்குட்டையின் நுனியைத் தயாராக இழுத்துவைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு சன்னா, கடலில் இருக்கும் கணவனும் கேட்கட்டும் என்று கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

ரோயி பாடினான். பனிமூட்டம் கலைந்து மலைச்சரிவு தெரிகிறதும், படகு திரும்புகிறதும், அடுப்படி விளக்கும் எல்லாம் அதில் இருந்தன. நல்ல பாட்டு. தூரி அழப் பார்த்தாள்.

வரவில்லை.

செத்துப்போன அம்மாவை நினைத்தாள். போன குளிரில் பாறையிலிருந்து விழுந்த ஆட்டை நினைத்தாள். தொடையைக் கிள்ளிக்கூடப் பார்த்தாள். கண் வறண்டே கிடந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மகனுக்குக் கன்னத்தில் சதை போட்டிருப்பது. அவன் காலுறையின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்துத் தாளம் போடுவது. அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். தோள் குலுங்கியது.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் ரோயியை அல்ல, தூரியைப் பார்த்தார்கள். கைக்குட்டை மடிப்புக் கலையாமல் சட்டைக் கையிலேயே இருந்தது. கைதட்டினார்கள், துக்க வீட்டில் ஆறுதல் சொல்கிற மாதிரி. ரோயி கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினான்.

தூரி அவன் பின்னாலேயே அடுப்படிக்கு ஓடினாள்.

"கண்டவன் பாட்டுக்கெல்லாம் அழுவ. என் பாட்டுக்குச் சிரிக்கிற. நல்லா இருக்கும்மா" என்றான் அவன்.

"நான் என்னடா பண்ணட்டும்? அழணும்னுதான் உக்காந்தேன். கிள்ளிக்கூடப் பாத்தேன்."

"அப்போ பாட்டு சரியில்ல."

"பாட்டுக்கு என்ன குறை? நீ கண்ணு முன்னாடி உக்காந்திருக்க. நான் யாரை நினைச்சு அழுறது?"

கதவோரம் நின்ற ஹானுஸ் மோவாயைச் சொறிந்தான். "இவ இப்படித்தாண்டா. எனக்காக வானொலியில கேட்ட பாட்டை, நான் பக்கத்துல இருந்தப்போ போட்டா ஒரு சொட்டு விடமாட்டா. 'அந்தத் தட்டைக் கழுவுங்க'ம்பா. நான்கூட மனசு விட்டுப்போயிருக்கேன்."

அதற்குள் சன்னா கைபேசியும் கையுமாக உள்ளே வந்துவிட்டாள். "ரோயி, என்னப்பா பாடித் தொலைச்ச? எங்க வீட்டுக்காரர் பேச முடியாம விக்குறார். கப்பல் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்காங்களாம். சமையல்காரர் அழுத அழுகையில மீனைக் கருக்கிட்டாராம். சாப்பாட்டுக்கு வழியில்ல, இன்னொரு தடவை பாடச் சொல்லுறாங்க."

ரோயி கைபேசியை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டான். பிறகு மெல்லச் சொன்னான்: "இது ஊரை விட்டு இருக்கிறவங்க பாட்டும்மா. கோபன்ஹேகன்ல இருந்ததாலதான் எனக்கும் வந்துச்சு. இங்க இருந்துட்டா இந்த மாதிரி ஒண்ணு இனிமே வராது."

தூரிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "வராட்டிப் போகட்டும். மோசமா ஒண்ணு எழுது. இங்கயே இரு."

அவன் இருந்துவிட்டான். அறுவடை முடிந்ததும் அடுத்த பாட்டு வந்தது. சன்னா வீட்டுக் கிடா வேலி தாண்டி வந்து தூரியின் உருளைக்கிழங்குப் பாத்தியை மேய்ந்த கதை. கலையென்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது. ஆனால் இரண்டாவது அடியிலேயே ஊர் எழுந்து கைகோத்து வளையமாக ஆடத் தொடங்கிவிட்டது. மிதித்த மிதியில் ஊர் மன்றத்துத் தரைப்பலகை அதிர்ந்தது. தூரி நடுவில், தேய்ந்த முழங்காலோடு, முதல் தடவையாக வாய்விட்டுப் பாடினாள். பக்கத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் ராகம் தப்பினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் சட்டைக் கையிலிருந்து கைக்குட்டை வெளியே வந்தது. மன்றமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. தூரி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பச் செருகிக்கொண்டாள். அது கணக்கில் சேருமா சேராதா என்று ஊர் இன்னும் தகராறு பண்ணிக்கொண்டிருக்கிறது.