வெள்ளிக்கிழமை நண்பகலில் மீன் வெட்டியவர்

கடந்த மாரிமழை முடிந்த நாட்களில், கல்முனைக்குடியில் மீன் வெட்டும் ஒருவர் வேலைக்குப் போவதை நிறுத்தினார். அதற்குக் காரணம் நான் எழுதிய கதை.

அவரை எனக்குத் தெரியாது. பெயர் றஷீது என்பதையே பிறகுதான் அறிந்தேன். ஓட்டோவில் வீடு திரும்பும்போது ஓட்டுநர் சொன்னார்:

“மிஸ், ஒங்கட கதையில வாற ஆள் இப்ப சந்தைக்கு வாற இல்ல.”

“எந்த ஆள்?”

“ஊரே இப்ப ‘குத்துக்கார மஜீது’ எண்டுதான் கூப்பிடுது. அசல் பேர் றஷீது. இடக்கையால மீன் வெட்டுறவர். சின்னப் புள்ளைகளும் ‘குத்துக்காரன் வாறான்’ எண்டு ஓடுதுகள். பகிடிக்குத்தான். ஆனா அவர் பகிடிய எடுக்கிற ஆள் இல்ல.”

நான் கொலைக் கதைகள் எழுதுகிறவள். இங்கே நம் திருச்சபையில் உங்களில் பலருக்கு அது தெரியும். சிலர் தெரியாதது போல் இருக்கிறீர்கள். கொழும்பில் ஒரு பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தேன். திருமணமாகிக் கல்முனைக்கு வந்த பிறகு ஒரு வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதி வருகிறேன்.

இந்தத் தொடரில், எங்கள் ஊரைப் போன்ற ஓர் ஊர். ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல் நகைக்கடைப் பத்தர் ஒருவர் கடையின் பின்னறையில் குத்தப்பட்டுக் கிடக்கிறார். எதிரே கைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவன் பொலிஸில் சாட்சி சொல்கிறான். அந்த நேரத்தில் மஜீது சந்தையில் அறுக்குளா வெட்டிக்கொண்டிருந்தான் என்கிறான். பாதி மீனை அப்படியே போட்டுவிட்டு, கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நகைக்கடைப் பக்கம் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறான். மஜீது இடக்கைக்காரன். காயமும் இடக்கையால் விழுந்த காயம். ஆகவே மஜீதுதான் கொலைகாரன். அப்படித்தான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

றஷீதை நான் பார்த்திருக்கிறேன். சரியாகச் சொன்னால், அவருடைய இடக்கையைப் பார்த்திருக்கிறேன். செதிலில் கத்தி ஓடும் வேகம் பிடித்திருந்தது. அதை எடுத்துக் கதையில் வைத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தக் கரையில் பட்டப்பெயர் ஆளோடு முடிவதில்லை. தகப்பனுக்கு வைத்தால் பேரப்பிள்ளை வரை ஓடும். யாரோ ஒரு மூதாதை சுறாவிடம் தப்பி வந்ததற்காகச் சுறா என்று அழைக்கப்படும் ஒரு குடும்பம் இருக்கிறது. இன்றைய சுறா வங்கியில் வேலை செய்கிறார். றஷீதுக்கு மூன்று பிள்ளைகள். அவர்கள் ஆயுள் முழுவதும் குத்துக்காரனின் பிள்ளைகளாக இருக்கப் போகிறார்கள் என்பதை ஓட்டோவை விட்டு இறங்கும்போது விளங்கிக்கொண்டேன்.

இன்னொன்றையும் விளங்கிக்கொண்டேன். எழுதியவள் கிறிஸ்தவள். கொலைகாரன் முஸ்லிம். இங்கே வாழ்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கொழும்பில் இருக்கும் பத்திரிகை ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். “அச்சானத மாத்தேலாது,” என்றார் அவர். “இனி வாறதில என்னவும் செய்யுங்க. ஆனா வாசகர்ர காதில பூச்சுத்த வேணாம். அவ்வளவு சாட்சிய வச்சிட்டு மஜீது நல்லவன் எண்டா யார் நம்புவினம்?”

அவர் சொன்னது சரி. தொடரை இடையில் நிறுத்தினால் மஜீது குற்றவாளியாகவே நின்றுவிடுவான். மன்னிப்பு வெளியிட்டால், றஷீதைத் தெரியாதவர்களுக்கும் அவரைக் காட்டிக்கொடுத்ததாகும்.

சபையில் மார்க்கிரெட் அக்காவிடம் மட்டும் சொன்னேன். ஞாயிறு பாடசாலையில் என்னோடு படிப்பிப்பவர். “ஞாயிற்றுக்கிழமை புள்ளையளுக்கு நோவாவின்ர பேழை. மற்ற நாளெல்லாம் கத்திக்குத்து,” என்றார். “இதத்தான நான் அப்பவே சொன்னனான்.”

ஜெபித்தேன். முதலில் செய்த ஜெபம் எனக்காக. பேச்சு அடங்கட்டும், எனக்கு ஒன்றும் நேராதிருக்கட்டும் என்று கேட்டேன். பேச்சு அடங்கவில்லை. இரவில் நித்திரையும் இல்லை. எழுத உட்கார்ந்தால் கை நகரவில்லை.

ஒரு காலை, கணவர் வேலைக்குப் போன பிறகு, குசினியில் நின்றபடியே வேறு மாதிரி ஜெபித்தேன். முதல் முறையாக றஷீது என்ற பெயரை ஆண்டவரிடம் சொன்னேன். “இந்த மனிதரின் பெயரை நான் எடுத்துவிட்டேன். திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. நான் எழுதுவது உமக்குப் பிரியமில்லை என்றால் இன்றோடு விடுகிறேன். அவருடைய பெயர் மட்டும் அவரிடம் போய்ச் சேரட்டும்.”

உள்ளத்தில் எந்தக் குரலும் கேட்கவில்லை. பருப்பைக் கழுவி அடுப்பில் வைத்தேன்.

அது கொதிக்கத் தொடங்கும்போது வாசல் கேற்றைத் தட்டும் சத்தம். கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண் நின்றார்.

“நீங்கதானா அந்தக் கதைய எழுதுற?”

“ஓம்.”

“நான் றஷீதுட பொஞ்சாதி.”

உள்ளே வரச் சொன்னேன். கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார். தேநீர் வேண்டாம் என்றார்.

“எங்கட மனிசன் வெளிய இறங்குற இல்ல. ஊட்டுக்குள்ள இரிந்து பூனையோட கதைக்கிறார்.”

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க ராத்தா.”

“ஒங்கட மன்னிப்பக் கொண்டு நான் என்ன செய்ய? சட்டியில போட்டு ஆக்கவா?”

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

“கத நல்லம். பொய் சொல்லப்படாது, கிழமைக்குக் கிழம மகள வாசிக்கச் சொல்லிக் கேக்கிறவ நான். ஆனா ஒங்களுக்கு ஊர் தெரியா. வெள்ளிக்கிழம ஜும்மாத் தொழுக நேரம் எங்கட சந்தையில எவன் மீன் வெட்டுவான்? போய்ப் பாருங்க, காகம்தான் இரிக்கும். எங்கட மனிசன் பள்ளியில முன் வரிசையில நிப்பார். ஊரே பாக்கும். அந்த நேரம் அவன் மீன் வெட்டினானெண்டு எவன் சொல்றானோ, அவன்தான் பொய்யன்.”

குசினியில் பருப்பு பொங்கி அடுப்பில் வடிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

இந்த ஊரில் இத்தனை வருடம் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை நண்பகலில் நான் சந்தைக்குப் போனதேயில்லை. மீன் வாங்குவது சனிக்கிழமைகளில். போய்ப் பார்க்காமல் நேரத்தை எழுதாதே என்று பத்திரிகையில் பழகியவள், அன்று பார்க்காமல் எழுதியிருந்தேன். கொழும்பில் இருந்த ஆசிரியருக்கும் அது தட்டுப்படவில்லை. கல்முனைக்குடியில் எல்லோரும் கண்டுபிடித்து, எழுதியவளின் அறியாமை என்று சிரித்துவிட்டு விட்டிருந்தார்கள்.

ஆனால், மஜீது அந்த நேரம் மீன் வெட்டினான் என்று கதை சொல்பவளாக நான் எங்கும் எழுதியிருக்கவில்லை. கைபேசிக் கடைக்காரன்தான் சொல்லியிருந்தான். அவன் ஊருக்குப் புதியவன். எனக்குத் தெரியாதது அவனுக்கும் தெரியாது. அச்சான ஒரு சொல்லையும் மாற்றத் தேவையில்லை. என் பிழை அவனுடைய பொய்யாகிவிட்டது.

“ராத்தா, இப்ப சொன்னத நான் கதையில எழுதட்டுமா?”

“எழுதுங்க. என்ட பேரப் போட்டிராதீங்க. பிறகு என்னையும் குத்துக்காரியெண்டுவாங்க.” அப்போதுதான் தேநீர் கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நண்பகல் நான் சந்தைக்குப் போனேன். கழுவிய சீமெந்து மேடைகள். கவிழ்த்து வைத்த தராசுத் தட்டுகள். அவர் சொன்ன காகங்கள். தூரத்தில் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி. கடைசி அத்தியாயத்தில் பொலிஸ் பரிசோதகரையும் அதே நேரத்தில் அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் வெறும் மேடையைப் பார்த்தார். திரும்பிப் போய்க் கைபேசிக் கடைக்காரனை வாக்குமூலத்தில் கையொப்பமிடச் சொன்னார்; அவனும் பேனையை இடக்கையில்தான் எடுத்தான். அவனைக் கைது செய்தார்.

அதுவரை பெயரில்லாதிருந்த அவனுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. அன்ரன் என்று ஒரு கிறிஸ்தவப் பெயர் வைத்தேன். வைக்கும் முன் பிரதான வீதி முழுவதும் நடந்து, அந்தப் பெயரில் கைபேசிக் கடை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன்.

“இப்ப கொலைகாரன் எங்கட ஆளா?” என்றார் மார்க்கிரெட் அக்கா.

“ஓம் அக்கா.”

“வேற பேர் கிடைக்கேல்லையா?”

“ஆரின்ர பேரப் போடச் சொல்றீங்க?”

அவர் யோசித்தார். பிறகு, அடுத்த கதையில் யார் சாவது என்று கேட்டார்.

அத்தியாயம் வெளிவந்த பிறகு வந்த ஒரு சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். இடக்கையால் ஒருவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து மேடைக்காரர் கூப்பிட்டார்: “றஷீது, ஒன்ன எழுதினவ வந்திரிக்கா. கத்திய ஒளி.”

றஷீது என்றுதான் கூப்பிட்டார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

றஷீது சிரிக்கவில்லை. அறுக்குளாவை வெட்டிச் சுற்றித் தந்தார். “மிஸ், வெள்ளிக்கிழம வாறதெண்டா ஜும்மாவுக்குப் பிறகு வாங்க,” என்றார்.

“தெரியும்.”

“இப்ப எல்லாருக்கும் தெரியும்,” என்றார். இந்த முறை அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு கண்ணில் மட்டும் இருந்தது.

நான் எழுதுவதை விடவில்லை. எழுதும் விதம் மாறியிருக்கிறது. ஒரு பாத்திரத்துக்குப் பெயர் வைக்கும் முன், அந்தப் பெயரோடு எங்கோ வாழும் மனிதருக்காக ஜெபிக்கிறேன். கெட்டவனுக்காகச் சற்று அதிகமாக ஜெபிக்கிறேன். முன்பெல்லாம் பைபிள் ஓர் அறையிலும் கொலைக் கதை இன்னோர் அறையிலும் இருந்தன. இப்போது இரண்டும் ஒரே மேசையில் இருக்கின்றன. ஆண்டவருக்கு அதில் சங்கடம் இருப்பதாகத் தெரியவில்லை. அவருக்கு நன்றி.

உங்களில் யாருக்காவது, இதைப் போய் ஜெபத்தில் சொல்வதா என்று ஒதுக்கி வைத்த ஒரு வேலை இருக்கலாம். அதைச் சொல்லுங்கள். அந்த வேலையால் நொந்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதில் வரும். எனக்கு வந்த பதில் கோபத்தோடு வந்து கேற்றைத் தட்டியது. உங்களிடமும் அப்படி வந்தால், திறந்து விடுங்கள்.