கண்டெடுத்த இடத்தைக் கேட்ட அம்மையார்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, சிட்னியின் வெஸ்ட்மீட் மருத்துவமனையில் என் பணி தொடங்கும் நேரத்தில் கைபேசி ஒலித்தது. பேசியவர் திருமதி மங்களேஸ்வரி கனகரத்தினம் அம்மையாரின் மகன் சேந்தன்.

"அன்ரி, அம்மா விடியப் போயிட்டா. உங்களுக்கு முதல்ல சொல்லச் சொல்லியிருந்தவ. காசுக்காரருக்கு நீங்கள் அறிவிப்பீங்களாம்."

காசுக்காரர் என்று அம்மையார் குறிப்பிட்டது செல்வந்தரை அன்று. இங்கிலாந்தின் வயல்களில் ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய வெள்ளிக் காசுகளைக் கண்டெடுப்போரையும், அவற்றைப் பொதுப் பதிவேட்டில் சேர்க்கும் அலுவலர்களையும் அவர் அவ்வாறே அழைத்து வந்தார். அன்று மாலையே அவர்களுக்கு எழுதினேன். அம்மையாரைப் பென்டில் ஹில் கடைகளிலும் கோயிலிலும் கண்டிருப்போர் பலர். அவர் செய்த பணியை அறிந்தோர் சிலர். இக்கட்டுரை இரு சாராருக்கும் உரியது.

யாழ்ப்பாணத்தில் பிறந்த அம்மையார், மருத்துவரான கணவருடன் கிழக்கு இங்கிலாந்தின் ஒரு சிறு நகரில் நெடுங்காலம் வாழ்ந்தார். அங்குள்ள மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். பக்கத்து வீட்டார் ஒருவர் உலோகங்காணும் கருவியுடன் வயல்களில் நடப்பதைக் கண்டு, தாமும் ஒரு கருவி வாங்கினார்; கிடைத்த காசுகளை இனங்காணவும் கற்றார். சேலைக்கு மேல் மழைக்கோட்டு, காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். நண்பர்கள் தொலைபேசியில் அழைத்தால், "மனிசி மண் கிண்டப் போயிட்டா, பிறகு எடுங்கோ" என்பாராம் கணவர். கணவர் மறைந்த பின் மகனிடம் சிட்னிக்கு வந்தார். கருவியை அங்கேயே விட்டுவிட்டார். ஆனால் காசு கண்டெடுத்தோர் அவரை விடவில்லை. நிழற்படங்கள் மின்னஞ்சலில் வந்தவண்ணம் இருந்தன.

அக்காசுகள் ஆங்கிலோ-சாக்சன் காலத்தவை. நம் தஞ்சைப் பெரிய கோயில் எழுந்த நாள்களில் இங்கிலாந்தில் கைமாறியவை என்றால் விளங்கும். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே அகன்று, தாள்போல் மெலிந்திருக்கும். ஒரு முகத்தில் அரசரின் தலை, மறுமுகத்தில் சிலுவை, அதைச் சுற்றிக் காசு அடித்தவரின் பெயரும் ஊரும். தேய்ந்து, வளைந்து, கலப்பை பட்டுக் கீறி வரும் அவற்றை எந்த அரசருடையது, எந்த ஊரில் அடித்தது என்று அறிந்து சொல்வதே அம்மையாரின் பணி.

நான் அவரைச் சந்தித்தது 2009இல், பரமட்டாவில் ஒரு மண்டபத்தில் நடந்த பழங்காசுச் சந்தையில். நான் கும்பகோணத்துக்காரி. பத்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டார்கள். தமிழின் பழைய எழுத்துகளையும் பின்னர் ஆங்கிலத்தையும் எவர் துணையுமின்றி நானே கற்றேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அன்று ஒரு சோழர் செப்புக்காசின் எழுத்தை வியாபாரிக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தங்கச்சி, வாசிச்சது சரி. எங்க எடுத்ததெண்டு அவரிட்டக் கேட்டனீங்களோ?"

"அது கேக்கலீங்களே."

"கேளுங்கோ."

கேட்டேன். வியாபாரி கையை விரித்தார்.

"பாத்தீங்களோ? எடுத்த இடம் தெரியாட்டி அது வெறும் செம்பு. வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

அந்தத் தேநீரிலிருந்து சனிக்கிழமைகள் எங்களுடையவை ஆயின. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினித் திரையை இருவரும் பார்த்தபடி அமர்வோம். படத்தில் வெளிச்சம் இடது மேற்புறத்திலிருந்து விழவேண்டும், அருகில் அளவுகோல் இருக்கவேண்டும், எடை தெரிந்திருக்கவேண்டும். இவற்றில் அவர் தளர்ந்து நான் கண்டதில்லை. ஒருமுறை ஒருவர் காசைப் பிஸ்கட்டின் மேல் வைத்துப் படமெடுத்து அனுப்பியிருந்தார். "அளவுகோல் எங்கயெண்டு கேட்டா, இந்தப் பிஸ்கட்டின்ர அளவு உலகத்துக்கே தெரியுமாம்!" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, அதே பிஸ்கட்டைக் கடையில் வாங்கி வரச்செய்து அளந்தும் பார்த்தார்.

காசில் தெரியும் எழுத்துகளைப் பெயர்த்து எழுதுவது என் பங்கு. "தெரியிறதை எழுதுங்கோ. தெரிய வேணுமெண்டு நீங்கள் நினைக்கிறதை எழுதாதேங்கோ" என்பார். என் செந்தமிழ் அவருக்கு ஓயாத வேடிக்கை. "அரசரின் திருமுகம் இடப்புறம் நோக்கி அமைந்துள்ளது" என்று நான் குறித்திருந்ததைப் படித்து, "ராசா இடப்பக்கம் பாக்கிறார் எண்டு போட்டாக் காணும். உங்கட வசனம் காசை விடப் பெரிசு" என்றார். நான் அந்த வசனத்தை மாற்றவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

அம்மையாரின் தன்மையை முழுமையாக நான் அறிந்தது 2012இல், மெல்பேர்ணுக்கு மேற்கொண்ட ஒரு பயணத்தில். அங்கே ரோவில் பகுதியில் வாழ்ந்த ஆர்தர் ஹார்வி என்ற முதியவரிடம் ஒரு வெள்ளிக் காசு இருந்தது. இங்கிலாந்தில் தம் தந்தையின் வயலை உழுதபோது அதைக் கண்டெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியவர் அவர். அந்த வயல் பின்னர் ஒரு நெடுஞ்சாலைக்கு அடியில் போய்விட்டது. வீடும் இல்லை. உடல் தளர்ந்த நிலையில் அவருக்கு ஓர் ஆசை இருந்தது: அக்காசு தம் தந்தையின் வயலில் கிடைத்ததாகப் பதிவேட்டில் ஏறவேண்டும். அவ்வயல் இருந்ததற்கு அவர் கையில் வேறு சான்று எதுவும் மிஞ்சவில்லை. மகள் ஜூடித் படங்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அலுவலர் மறுத்துவிட்டார். மண்ணில் கிடந்த வெள்ளி கறுத்திருக்கவேண்டும், இதுவோ பளபளக்கிறது, அருங்காட்சியகக் கடைகளில் விற்கும் நகலாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. ஆயினும் நேரில் பார்த்துச் சொல்லுமாறு அம்மையாரிடம் கேட்டிருந்தார்.

இருவரும் விமானத்தில் சென்றோம். இடியப்பம் கொண்டுபோகும் டப்பாவில் சிறு தராசையும் உருப்பெருக்கியையும் அம்மையார் வைத்திருந்தார்.

ஹார்வியின் வீட்டில் அவரைக் கவனித்துக்கொண்டவர் ரமணன். நாற்பது வயதிருக்கும், இலங்கையிலிருந்து படகில் வந்து, தற்காலிக விசாவில் வாழ்ந்தவர். அந்த வேலையே அவருடைய பிடிமானம். எங்களுக்குத் தேநீர் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். அம்மையார் காசை ஓரத்தில் பிடித்துத் தூக்கி, உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே தமிழில் கேட்டார்.

"தம்பி, திருநீறு போட்டு மினுக்கினது நீர்தானே?"

ரமணன் சுவரை விட்டு முன்னே வந்தார். "ஓம் அன்ரி. ஐயா கறுத்துப் போச்செண்டு கவலைப்பட்டவர். வீட்டில செம்பு, விளக்கெல்லாம் அப்பிடித்தானே மினுக்கிறது... பிழையோ?"

"பிழைதான். குத்துவிளக்குப் போல மினுக்கி வச்சிருக்கிறீர். எழுத்துக்குள்ள வெள்ளையா இன்னும் கிடக்குது."

"வேலை போயிடுமோ அன்ரி?"

"பொறும்."

ஜூடித்துக்கு இப்பேச்சு விளங்காவிட்டாலும், ஏதோ நிகழ்ந்திருக்கிறது என்பது விளங்கிவிட்டது. "அவர் என்ன செய்தார்?" என்று கூர்மையாகக் கேட்டார். அம்மையார் ஆங்கிலத்தில், எதையும் மறைக்காமல் சொன்னார்: காசை ரமணன் சாம்பலால் துலக்கியிருக்கிறார். துலக்கியிருக்கக் கூடாது. ஆனால் விரலும் சாம்பலும் காசின் மேட்டைத்தான் தேய்த்திருக்கின்றன. கடையில் விற்கும் திரவத்தில் முக்கியிருந்தால் பள்ளத்திலுள்ள கறுப்பும் போயிருக்கும். "வந்து பாருங்கள். இந்தச் சிலுவையின் மூலையில் இன்னும் மண் ஒட்டியிருக்கிறது."

ஜூடித் உருப்பெருக்கியில் குனிந்தார். ஹார்வி தம் நாற்காலியிலிருந்து, "நான்தான் துலக்கச் சொன்னேன், அவனை விடு" என்றார். உண்மையிலேயே சொன்னாரா என்பதை நான் அறியேன். ரமணனின் வேலை தப்பியது.

காசு நகலன்று என்று எடையும், அடித்தபோது வெள்ளி விரிந்த வரிகளும் உறுதி செய்தன. எஞ்சியது இடம். அம்மையார் அப்பகுதியின் பழைய நிலப்படம் ஒன்றை அச்சிட்டு, ஊர்ப்பெயர்களையெல்லாம் தாளால் மறைத்துக் கொண்டுவந்திருந்தார். அதை ஹார்வியின் மடியில் வைத்தார். முதியவர் சற்று விழித்தார். பின்னர் படத்தைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு சிறு கட்டத்தைக் காட்டி, "இது எங்கள் வீடு. சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரியும்" என்றார். அங்கிருந்து விரலை நகர்த்தி, தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வயலில் நிறுத்தினார். "நீளத்துண்டு. நாங்கள் அப்படித்தான் சொல்வோம்." மறைத்திருந்த தாளை அம்மையார் எடுத்தார். ஜூடித் அறிந்திருந்த ஊர்ப்பெயர் அங்கே இருந்தது.

திரும்பும் வழியில் அம்மையார் சொன்னார்: "பொய் சொல்லுற ஆள் பெயரைத் தேடியிருப்பார். இவர் வீட்டைத் தேடினவர்."

அறிக்கை எழுதும்போது எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. துலக்கிய செய்தியை விட்டுவிடலாம் என்றேன் நான்.

"ஏன்க்கா, ஏற்கெனவே சந்தேகப்படுறாங்க. நாமளே எடுத்துக் குடுக்கணுமா? அந்தப் பெரியவருக்கு நாள் இருக்கா?"

"இல்லாமப் போகலாம். அதுக்காக நான் பாத்ததைப் பாக்கேல்லை எண்டு எழுதலாமோ?"

"அப்ப ரமணன் பேரு?"

"அதை ஏன் எழுதுறது? பதிவு காசைப் பற்றினது. ஆளைப் பற்றினதில்லை."

அண்மையில் மென்மையான சாம்பற்பொடியால் துலக்கப்பட்டது என்று எழுதினார். அந்த வரியை விட்டிருந்தால் பதிவு விரைந்து முடிந்திருக்கும் என்றே இன்றும் கருதுகிறேன். அவர் கருத்து வேறு. அவர் பெயரால் போன அறிக்கை அது. எதிர்பார்த்தபடி அலுவலர் தயங்கினார். புதிய படங்கள் கேட்டார், பிறகு வேறொரு வல்லுநரைக் கேட்பதாகச் சொன்னார், பிறகு மௌனமானார். அம்மையார் சலிக்காமல் எழுதினார். இதற்கிடையே ஹார்வி முதியோர் இல்லத்துக்கு மாற்றப்பட்டார். ரமணன் வேறு வேலையில் சேர்ந்த பின்னும் ஞாயிறுதோறும் அவரைப் போய்ப் பார்த்து வந்தார். "அன்ரி, ஐயா இண்டைக்கும் கேட்டவர்" என்று அவரிடமிருந்து அழைப்பு வரும். "இன்னும் இல்லையெண்டு சொல்லும்" என்பார் அம்மையார். அழைப்பு முடிந்ததும் அலுவலருக்கு இன்னொரு மடல் எழுதுவார்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் அம்மையார் நோயுற்று வெஸ்ட்மீட்டில் அனுமதிக்கப்பட்டார். பணி முடிந்து அவருடைய வார்டுக்குப் போவேன். ஒரு நாள் மின்னஞ்சலைத் திறந்தபோது பதிவு ஏறியிருந்தது. அச்சிட்டுக் கொண்டு ஓடினேன். கண்ணாடியைத் தேடவிடாமல் நானே படித்தேன்.

"துலக்கினதையும் போட்டிருக்கினமோ?"

"போட்டிருக்காங்கக்கா. நீங்க எழுதுன மாதிரியே."

"நீளத்துண்டு?"

"ஆமாக்கா. அதுவும் இருக்கு."

"அப்ப சரி. ரமணனுக்குப் போன் எடுங்கோ."

ரமணன் அந்நேரமே இல்லத்துக்குச் சென்று ஹார்வியின் காதருகே தொலைபேசியை வைத்தார். முதியவரின் குரல் மெலிந்திருந்தது. கண்டெடுத்தவர் பெயர் அதில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, வயலின் பெயர் இருக்கிறது என்றார் அம்மையார். "நல்லது. வயல் அப்பாவுடையதுதானே" என்றார் ஹார்வி. அம்மையார் சிரித்தார். நான் அவரிடம் கண்ட கடைசிச் சிரிப்பு அது. ஒரு மாதம் கழித்து ஹார்வி காலமானார். அம்மையார் வீடு திரும்பி, சேந்தனின் கவனிப்பில் இருந்து, சென்ற வாரம் விடைபெற்றார்.

அப்பதிவேட்டில் கண்டெடுத்தோர் பெயரையும், அறிந்து சொன்ன தன்னார்வலர் பெயரையும் பொதுமக்கள் காணும்படி வெளியிடுவதில்லை. அது அவர்கள் நடைமுறை. அதில் எனக்குப் பிணக்கு இல்லை. ஆயினும் இது காசைப் பற்றிய கட்டுரையன்று. இறுதிச் சடங்குக்கு மெல்பேர்ணிலிருந்து வந்திருந்த ரமணனிடம், அவர் பெயரையும் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ அன்ரி, இனி என்ன பயம்" என்றார். ஆகவே அங்கே இல்லாததை இங்கே பதிகிறேன்.

வெள்ளிக் காசு, ஒன்று. கண்டெடுத்தவர் ஆர்தர் ஹார்வி, தம் தந்தையின் நீளத்துண்டு வயலில். துலக்கியவர் ரமணன். எழுத்தைப் பெயர்த்தவள் நான். பார்த்து, அறிந்து, அறிந்ததை மட்டும் சொன்னவர், பென்டில் ஹில் மங்களேஸ்வரி கனகரத்தினம்.

அவர் பேச்சிலேயே அவருக்கு விடைகொடுக்கிறேன்: போட்டு வாங்கோ, அக்கா.