வாடிக்கையாளருக்கு ஓ.டி. கிடையாது

1. இன்ச் டேப்

பணி ஓய்வுக்கு நாற்பத்தொரு வேலை நாட்கள் இருந்தன. அன்று காலை என் அறைக்குள் நுழைந்தால் கல்லூரி முதல்வர் சுவரோரமாகக் குனிந்து இன்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுமுனை அட்டெண்டர் கையில்.

"இருவத்திரண்டுக்குப் பதினெட்டுங்க சார்," என்றார் அட்டெண்டர்.

"பதினெட்டரை," என்றேன். ஒன்பது ஆண்டுகளில் அந்த அறையை நான் நான்கு முறை அளந்திருக்கிறேன்.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் ஒரு பொறியியல் கல்லூரி. அதில் நான் மெக்கானிக்கல் பேராசிரியர். கூடவே தொழில்முனைவோர் மையத்தின் ஒருங்கிணைப்பாளர். மாணவர்களைச் சொந்தத் தொழிலுக்குத் தயார்செய்வது மையத்தின் வேலை. என் வாழ்நாளில் நான் விற்ற ஒரே பொருள் ஒரு பழைய சைக்கிள். வாங்கியவர் மூன்றாம் நாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் சாத்திவிட்டுப் போய்விட்டார். இந்தத் தகுதியோடுதான் ஒன்பது ஆண்டுகள் மையத்தை நடத்தினேன்.

முதல்வர் டேப்பைச் சுருட்டினார். "கோவிச்சுக்காதீங்க சார். பல்கலைக்கழகத்துல இருந்து லெட்டர் வந்திருக்குதுங்க. அடுத்து நடத்தறதுக்கு ஆள் தயாரா இல்லாத மையத்தை எல்லாம் மூடச் சொல்றாங்க. மூடிட்டா இந்த ரூமு எக்ஸாம் செல்லுக்கு. விடைத்தாள் கட்டு வராண்டாவுல கெடக்குதுங்க."

"என் மையத்தை விடைத்தாள் குடோன் ஆக்கப் போறீங்களா?"

"நானா ஆக்கறேன்? சந்தை நாளன்னிக்கு ரெண்டு பேரு பாக்க வாராங்க. நீங்க இல்லாம வேற யாராச்சும் நடத்திக் காட்டோணும். அவ்வளவுதானுங்க."

அவர் போன பிறகு அறையிலிருந்த நாற்காலிகளை எண்ணினேன். பதினான்கு. மனது சரியில்லாதபோது நான் செய்வது அது.

2. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்

சந்தை நாள் என்பது ஆண்டுக்கொரு முறை கல்லூரி மைதானத்தில் மாணவர்கள் கடை போடும் நாள். பன்னிரண்டு கடைகள். வடகம், மண்தொட்டி, செல்போன் ஸ்டாண்ட் என்று என்னவாவது இருக்கும். முந்தைய ஆண்டு வந்த வாடிக்கையாளர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். பல்கலைக்கழகத்துக்கு அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் அனுப்பினேன். பாராட்டுக் கடிதம் வந்தது.

அந்த எண்ணின் ரகசியத்தை இப்போது சொல்லலாம். வேடிக்கை பார்க்க வரும் மாணவர்களுக்கு அன்றைய வகுப்புகளுக்கு ஓ.டி. உண்டு, அதாவது வராமலே வருகைப்பதிவு. வாசலில் ஒரு நோட்டு வைத்திருப்பேன். கையெழுத்துப் போட்டவனெல்லாம் வாடிக்கையாளர். உலகத்திலேயே வாடிக்கையாளருக்கு அட்டெண்டன்ஸ் எடுத்த சந்தை எங்களுடையதாகத்தான் இருக்கும். அப்போது அதில் எந்தத் தப்பும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஒருங்கிணைப்பாளர் பொறுப்புக்கு இரண்டு பேர் முன்வந்தார்கள். ஒருவர் எம்.பி.ஏ. துறைத் தலைவர் சுந்தரம். தொழில்முனைவு பற்றியே முனைவர் பட்டம் வாங்கியவர். தலைமைப்பண்பு பற்றி எண்பத்து நான்கு ஸ்லைடு வைத்திருந்தார். ஒருநாள் மத்தியானம் எண்பத்து நான்கையும் எனக்குக் காட்டினார். இன்னொருவர் கவிதா, எலக்ட்ரானிக்ஸ் துறை உதவிப் பேராசிரியர். வேலைக்குச் சேர்ந்து ஆறு ஆண்டு. அப்பா திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர்.

இருவரையும் உட்கார வைத்து, "சந்தை நாள் முழுக்க உங்கள் பொறுப்பு. நான் வரமாட்டேன்," என்றேன்.

என் உள்ளெண்ணத்தையும் எழுதிவிடுகிறேன். இருவரும் திணற வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவர்கள், "இவர் இல்லாமல் இங்கே எதுவும் நடக்காது, இன்னும் ஓராண்டு நீட்டிப்புக் கொடுங்கள்," என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதற்காக இரண்டு காரியம் செய்தேன். மைதானத்துக்குக் கரண்ட் கொடுக்கும் ஸ்விட்ச் ரூம் சாவியைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன். ஓ.டி. சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட மறந்தேன். மறந்தேன் என்றுதான் அன்று என் மனைவியிடமும் சொன்னேன்.

3. ஒன்பது அழைப்புகள்

சந்தை நாள் காலை எட்டே முக்காலுக்கு, கல்லூரி கேட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தை ஒட்டிய சின்னுசாமி டீக்கடையில் உள்பெஞ்சில் உட்கார்ந்தேன். முன்னால் நேந்திரம்பழத் தார் தொங்கியது. அதன் இடுக்கு வழியாக மைதானம் நன்றாகத் தெரியும்.

ஒன்பது மணிக்குச் சுந்தரம் அழைத்தார். "சார், ஷாமியானா கெழக்க பாத்துப் போடறதுங்களா, தெக்க பாத்துங்களா?"

"உங்கள் விருப்பம்."

ஒன்பது ஏழுக்கு மறுபடியும். "கெழக்கன்னா வெயில் அடிக்குதுங்க சார். தெக்கன்னா பேனர் காத்துல ஆடுது. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா போட்டுறலாம்."

பத்தேகால் வரை ஒன்பது முறை அழைத்தார். கரண்ட் இல்லை என்றார், ஓ.டி. இல்லாததால் வேடிக்கை பார்க்க ஒரு மாணவனும் வரவில்லை என்றார். ஒவ்வொன்றுக்கும் "பாருங்கள்" என்றேன். உள்ளுக்குள் குஷியாகத்தான் இருந்தது. நான்காவது டீயும் வடையும் சொன்னேன்.

ஒன்றுதான் உறுத்தியது. கவிதா ஒரு தடவைகூட அழைக்கவில்லை. செல்போனில் டவர் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். இருந்தது.

பத்தரைக்கு அவரே சாலையைக் கடந்து டீக்கடைக்கு வந்தார். பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். சின்னுசாமியிடம் நான்கு நிமிடம் பேசிவிட்டுப் போனார். ஐந்தாவது நிமிடம் மைதானத்தில் மேசைகள் நகர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டும் கேட்டைத் தாண்டி, டீக்கடையை ஒட்டிய காலி இடத்துக்கு வந்து வரிசையாக நின்றன.

கவிதா கையில் ஒயர் சுருளோடு உள்ளே வந்தார். "சார், சித்த நவுந்து உக்காருங்க. பிளக்பாயின்ட் உங்க முதுகுக்குப் பின்னால இருக்குதுங்க."

பேப்பரை இறக்கினேன். "நான் இங்கே இருப்பது தெரியுமா?"

"வெளிய உங்க ஸ்கூட்டரு நிக்குதுங்களே சார்."

"பிறகு ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

"என்னத்தக் கேக்கறதுங்க? மைதானத்துல கரண்டும் இல்ல, ஆளும் இல்ல. இங்க ரெண்டும் இருக்குது. தண்ணி எங்கயோ அங்கதானுங்க ரிக்கை நிறுத்துவாங்க, ரோடு நல்லா இருக்கற எடத்துலயா?"

நகர்ந்து உட்கார்ந்தேன்.

4. முழங்கை

டீக்கு நின்ற லாரிக்காரர்கள், பஸ்ஸுக்கு நின்ற பெண்கள், கோழிப்பண்ணைக்குப் போகிறவர்கள் எல்லாரும் கடைகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். யாரும் கையெழுத்துப் போடவில்லை. நான் விரல் விட்டு எண்ணினேன்.

மூன்றாவது கடை, லாரி டிரைவர் கேபினில் மாட்டும் தண்ணீர் பாட்டில் ஸ்டாண்ட். அந்த மாணவர்கள் இரண்டு ஆண்டாக அதைக் காட்டி இரண்டு பரிசு வாங்கியிருந்தார்கள். இரண்டிலும் நடுவர் நான்தான். பெரிய மீசை வைத்த டிரைவர் ஒருவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, இத எங்க மாட்டறது?"

"கியருக்குப் பக்கத்துலங்க அண்ணா."

"மாட்டிட்டு மூணாவது கியர் போட்டா முழங்கை எங்க போவும்? லாரி ஓட்டறவன் ஆரையாச்சும் ஒருவாட்டி கேட்டீங்களா சாமி?"

கேட்டதில்லை. மைதானத்துக்கு லாரி டிரைவர் எப்படி வருவார்? மாணவர்கள் அவரோடு லாரியில் ஏறி, அவர் முழங்கை போகும் வழியை ஸ்கேலால் அளந்தார்கள். பரிசு கொடுத்த நான் டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்துக் கார் வந்தது. கூட்டம் நின்றதால் கேட்டுக்குள் போக முடியவில்லை. ஒரு அம்மையாரும் இன்னொருவரும் இறங்கினார்கள். முதல்வர் கேட்டிலிருந்து ஓடிவந்தார், பின்னாலேயே சுந்தரம்.

"யாரு பர்மிஷன் குடுத்தா?" முதல்வர் முகம் சிவந்துவிட்டது. "காலேஜ் சந்தைய ரோட்டுல போட யாரு சொன்னா?"

"நான் ஒம்போது வாட்டி சாருக்குப் போன் பண்ணினேனுங்க," என்றார் சுந்தரம்.

"நான்தானுங்க சார்," என்றார் கவிதா. "பர்மிஷன் சின்னுசாமி அண்ணங்கிட்டக் கேட்டேன். எடம் அவருதுங்க."

"எங்கிட்டக் கேட்டியாம்மா?"

கவிதா ஒயர் சுருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அடுத்த வாக்கியம் அவர் வேலைக்கே உலை வைக்கலாம் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

பழத்தாரை விலக்கிக்கொண்டு எழுந்தேன். "நான்தான் அனுமதி கொடுத்தேன்" என்று நாக்கு நுனி வரை வந்தது. எங்கள் கல்லூரியில் ஒருவரைக் காப்பாற்ற அதுதான் வழக்கம். சொல்லியிருந்தால் அவர் தப்பியிருப்பார். கூடவே, நான் இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது என்றும் ஆகியிருக்கும். நீட்டிப்பும் கிடைத்திருக்கும். எல்லாக் கணக்கும் அந்த இரண்டு விநாடியில் எனக்குச் சரியாக வந்தது.

"அனுமதி நான் கொடுக்கவில்லை," என்றேன். "ஓ.டி.யும் கொடுக்கவில்லை. கரண்ட்டும் கொடுக்கவில்லை. காலையிலிருந்து இங்கே ஒளிந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் இல்லாமல் நடத்திக் காட்டச் சொன்னீர்கள். நடத்துகிறார்."

அம்மையார் என்னையும் பழத்தாரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒளிஞ்சு உக்காந்து என்ன சார் பண்ணினீங்க?"

"எண்ணினேனுங்க. இதுவரைக்கும் நூற்று நாற்பத்து மூன்று பேர்."

"போன வருஷம் அறுநூத்திப் பன்னெண்டுன்னு எழுதியிருந்தீங்களே?"

"அது அட்டெண்டன்ஸுங்க," என்றேன்.

அம்மையார் சிரித்துவிட்டு மூன்றாவது கடைக்குப் போனார். மாணவர்கள் அப்போதுதான் லாரியிலிருந்து இறங்கி, ஸ்டாண்டை வேறு பக்கம் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தார்கள். முதல்வர் வேறு வழியில்லாமல் வடகம் வாங்கினார்.

5. நான்காவது சாவி

மையம் மூடப்படவில்லை. கவிதா ஒருங்கிணைப்பாளரானார். விடைத்தாள் கட்டுகள் இன்னும் வராண்டாவில்தான் கிடக்கின்றன என்று கேள்வி. சுந்தரத்தையும் கவிதா ஒதுக்கிவிடவில்லை. கடிதங்கள் எல்லாம் அவர்தான் எழுதுகிறார், நன்றாக எழுதுகிறார்.

இப்படிப்பட்ட மையங்களுக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக எனக்கு அடுத்த ஆள் இல்லை என்று புலம்பினேன். சாவியும் கையெழுத்தும் என்னிடம் இருந்தவரை அடுத்த ஆள் எப்படித் தெரிவார்? ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தால் முழுதாகக் கொடுங்கள். உங்களைக் கேட்காமல் செய்தால் கோபப்படாதீர்கள். கோபம் வரும். எனக்கு நான்கு நாள் இருந்தது.

கடைசி நாளில் மையத்தின் சாவிகளை எண்ணிக் கவிதாவிடம் ஒப்படைத்தேன். மூன்று. கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்துப் பழைய பேன்ட்டைச் சலவைக்குப் போடும்போது பையில் நான்காவது கிடைத்தது, ஸ்விட்ச் ரூம் சாவி. பதறிப்போய்ப் போன் செய்தேன்.

"அவசரமில்லீங்க சார்," என்றார் கவிதா. "இந்தப் பக்கம் வந்தாக் கொண்டாங்க. சந்தை இப்ப மாசாமாசம் டீக்கடையிலதானே போடறோம்."

சாவி இன்னும் என் மேசை மேல் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை.