நூல்நிலையத்துக்குக் கொடுத்த அம்மன்

எங்கள் ஊர் நூல்நிலையத்தைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் நான் மெள்ள எழுந்து போய்விடுவேன். வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். பெருமைப்பட வேண்டிய இடம்தான் அது, நான் இல்லை என்று சொல்லவில்லை. மலைக்கு வந்தால் தங்குவதற்கென்று ஒரு ஜமீன்தார் கட்டிய பங்களா. அவர் காலத்துக்குப் பிறகு ஊருக்கென்று எழுதிவைத்துவிட்டார்கள். கீழே கூடம் முழுக்கப் புத்தகம். மாடித் தாழ்வாரங்களில் வரிசையாகப் படங்கள்: தலைப்பாகை வைத்த ஜமீன்தார்கள், அவர்களுடைய குதிரைகள், எங்கள் மலை பாதி மேகத்தில் மறைந்திருப்பது மாதிரி யாரோ ஒரு வெள்ளைக்காரன் தீட்டியது. பின்கட்டில் மியூசியம். துருப்பிடித்த வாள்கள், செப்பேடு, ஒரு கண் விழுந்துபோன பாடம் பண்ணிய சிறுத்தை. கிருத்திகைக்கு வருகிற ஜனங்கள் சாமி கும்பிட்டு இறங்கிய கையோடு அதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுவார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகிற வழக்கமே கிடையாது, நேரே நூல்நிலையம்தான். அப்போது நாங்கள் சித்தூர் ஜில்லாவில் இருந்தோம். மேஜைமேல் தமிழ்ப் பேப்பரும் கிடக்கும், தெலுங்குப் பேப்பரும் கிடக்கும். இரண்டையும் படித்துவிட்டு ஜப்பான்காரன் எதுவரை வந்துவிட்டான் என்று நாள் தவறாமல் சண்டை. எனக்கு வாய் ஜாஸ்தி. சாமியாவது பூதமாவது, எல்லாம் மனுஷன் கட்டிவிட்ட கதை என்று அடித்துப் பேசுவேன். குண்டுக்குப் பயந்து பட்டணத்திலிருந்து வந்து தங்கியிருந்த வக்கீல்களும் பெரிய உத்தியோகஸ்தர்களும் அதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்காக நான் எதை வேண்டுமானாலும் பேசியிருப்பேன், அந்த மாதிரி ஆள் நான்.

நூல்நிலையத்தைப் பார்த்துக்கொண்டவர் என் வயசுக்காரர். ஐயா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பழைய கல் எங்காவது கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருநாள் பேச்சுவாக்கில் எங்கள் குலதெய்வத்தைப் பற்றி அவரிடம் அளந்தேன். பொதட்டூர்பேட்டை போகிற வழியில் ஏரிக்கரையை ஒட்டி நின்றாள் எங்கள் தீப்பாஞ்சம்மன். இடுப்பளவுக் கல். ஒரு கையை உயர்த்தி நிற்கிற பெண். புருஷன் சண்டையில் செத்தான் என்று கேட்டதும் தீயில் இறங்கினவள் என்பார்கள். பங்காளிகள் எல்லோரும் பெங்களூர், கோலார் என்று பிழைக்கப் போய்விட்டார்கள், மிச்சம் இருந்தவன் நான் ஒருவன்தான். ஐயா போய்ப் பார்த்துவிட்டு வந்து கண்கள் மின்ன நின்றார்.

"என்னாங்க, இப்பேர்ப்பட்ட கல்லை ஆடு ஒரசிகினு போவுதே! மியூசியத்துக்குக் குடுங்க. பத்திரமா இருக்கும்."

கொடுத்துவிட்டேன். என் மனைவியைக் கேட்கவில்லை. அவள் என் மாமன் மகள், சின்ன வயசிலிருந்து என்னைப் பாவா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். அந்த மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளிப்பட்டில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அம்மனைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தோம். கூடத்தில் ஒரு சின்னக் கூட்டம் போட்டார்கள். எனக்கு மாலை. எழுந்து நின்று பேசினேன். "இன்று முதல் இது சாமி இல்லை, சரித்திரம். இனிமேல் இதற்குக் கற்பூரம் காட்ட வேண்டியதில்லை, கண்ணைத் திறந்து பார்த்தால் போதும்" என்றேன். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவள் திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ பாவா! பாப்பாவுக்கு முடி எடுக்கணுமே. எங்க போயி எடுப்பேன்?"

எங்கள் வகையறாவில் ஒரு முறை உண்டு. பிறந்த முடியைத் தீப்பாஞ்சம்மன் முன்னால்தான் முதலில் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மலைமேல் முருகனுக்கு. அதுவரை கத்தி, கத்திரிக்கோல் எதுவும் தலையில் படக்கூடாது. பாப்பாவுக்கு அப்போது இரண்டு முடிந்து மூன்று நடந்துகொண்டிருந்தது. சுருட்டை முடி, கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. நாடு முழுக்க நம் ஊருக்கு வந்து மொட்டை போடுகிறது, மலையிலேயே எடுத்துவிடலாம் என்றேன். அவள் அசையவில்லை.

"சரி, சாமி அங்கதான கீறா. அந்த ஐயாவை ஒரு வார்த்த கேளு. பத்து நிமிசம் உள்ள உட்டா போதும், முடியெடுத்துகினு வந்துடலாம்."

அவ்வளவுதான் அவள் கேட்டது.

போனேன். பேப்பரைப் படித்தேன். ஐயா எதிரில்தான் இருந்தார். அன்றைக்கு இதே கூடத்தில் சரித்திரம் என்று பேசிய வாயால் இன்றைக்கு எப்படி மொட்டை போட இடம் கேட்பது? அந்த வக்கீல்கள் என்ன நினைப்பார்கள்? வெட்கம் பிடுங்கித் தின்றது. கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்மே. கூடாதுன்னுட்டாரு. அங்க சட்டம் அப்படி."

அந்தப் பொய்யை அந்த ஒரு வருஷத்தில் நான்கு தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவள் தலைகுளிப்பாட்டி, சிக்கெடுத்து, பாப்பாவுக்கு இரட்டை ஜடை பின்னிக்கொண்டே "இன்னொரு தபா கேட்டுப் பாரு பாவா" என்பாள். நானும் போவேன், பேப்பர் படிப்பேன், வருவேன். தினமும் நூல்நிலையத்துக்குப் போன நான் பின்கட்டுப் பக்கம் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. அம்மன் முகத்தில் விழிக்கப் பயம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவனை அடித்திருப்பேன்.

ஆனி மாதம் பாப்பாவுக்கு ஜுரம் கண்டது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்தோம். நான்காம் நாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு விஷஜுரம் என்றார். "இந்த முடிய மொதல்ல மழிச்சிடுங்க. தலைல ஈரத்துணி போட்டுகினே இருக்கணும். இவ்ளோ முடிய வெச்சிகினு சூடு எப்படி எறங்கும்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கத்தியை எடுத்துக்கொண்டு நாவிதர் வாசலில் வந்து நின்றார். அவள் பாப்பாவின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு விடவே இல்லை.

"அம்மன் முன்னால எடுக்காம கத்தி வெச்சா புள்ளய என்கிட்ட இருந்து வாங்கிக்குவா பாவா. வேணாம். நான் சொல்றதக் கேளு, வேணாம்."

அவளைத் திட்டினேன். மூடம் என்றேன். படிக்காத கழுதை என்றேன். நான் சொன்ன வார்த்தைகளை எல்லாம் எழுத எனக்குத் தைரியம் இல்லை. முடியின் மேலேயே ஈரத்துணியைப் போட்டுப் போட்டு எடுத்தோம். இப்படியே மூன்று நாள் போனது. ஏழாம் நாள் காலையில் பாப்பா என்னைப் பார்த்து "நைனா" என்று கூப்பிட வாய் எடுத்தாள், குரல் வரவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

ஐயா கிழிந்த புத்தகம் ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே பசைக் கையோடு எழுந்துவிட்டார்.

"ஆங், அதுக்கென்னங்க? கூட்டிகினு வாங்க. இப்பவே வாங்க, ஓடுங்க."

அவ்வளவுதான். எச்சில் விழுங்குகிற நேரம்கூட ஆகவில்லை.

ஜட்காவில் பாப்பாவைக் கொண்டுபோனோம். நாவிதரும் கூட வந்தார். முறைப்படி தாய்மாமன் மடியில் வைத்து எடுக்க வேண்டும், பள்ளிப்பட்டிலிருந்து அவன் வந்து சேர ஏது நேரம்? அவளே மடியில் வைத்துக்கொண்டு அம்மன் எதிரே கீழே உட்கார்ந்தாள். அப்போதுதான் நான் அம்மனைப் பார்த்தேன். நெற்றியில் புதுக் குங்குமம். பாதத்தில் மஞ்சள். காய்ந்த சாமந்தி. அங்கே பெருக்குகிற அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான்தான் வெச்சினு வரேன் தாயி. ஐயா பாத்துகினுதான் இருப்பாரு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எத்தினியோ பேரு வந்து கும்புட்டுட்டுப் போறாங்க."

ஐயா ஜன்னலைத் திறந்துவிட்டார். கற்பூரம் வேண்டுமானால் ஏற்றிக்கொள்ளுங்கள், புத்தகம் எல்லாம் அந்தப் பக்கம்தானே என்றார். பாப்பாவைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. மனசு பொறுக்காமல், என்னைக் குற்றம் சொல்கிற எண்ணம் துளியும் இல்லாமல் அவர் சொன்னார்:

"இவ்ளோ நாளா ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாங்க? கொழந்த நல்லா இருக்கும்போதே அழகா செஞ்சிருக்கலாமே."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. பிறகு குனிந்து பாப்பாவின் தலையைக் கத்திக்குக் காட்டினாள்.

முடி முழுக்க அவள் முந்தானையில் விழுந்தது. மொட்டைத் தலையில் ஈரத்துணியைப் போட்டதும் பாப்பா கண் திறந்தாள். கையைத் தூக்கித் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"முடி எங்க நைனா?"

"அம்மனுக்குக் குடுத்துட்டோம்டா கண்ணு."

"திருப்பித் தருவாளா?"

"ஆங், தருவா. நெறையத் தருவா."

அதற்கு மூன்றாம் நாள் மத்தியானம் பாப்பா போய்விட்டாள்.

முன்பே மழித்திருந்தாலும் இந்த ஜுரத்தில் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் அப்படித்தான் சொல்வார், நல்ல மனுஷர். எனக்கு அது போதவில்லை. மூன்று நாள் சூட்டைத் தலையில் கட்டிவைத்தது நான். அவளுடைய நம்பிக்கை தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அவள் தன் நம்பிக்கைக்கு ஒரு வழி கேட்டாள், அந்த வழி ஒரு வருஷமாகத் திறந்தே கிடந்தது, நான்தான் அதை அடைத்துக்கொண்டு நின்றேன். இதைச் சொல்லி அவளிடம் அழ வேண்டும் என்று எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்திருக்கிறது. அவள் என்னை ஏசியிருக்கலாம். விளக்குமாற்றால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் புறப்பட்டுப் போனதும், இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று அடுப்பங்கரைப் பக்கமே உட்கார்ந்திருந்தேன். அவள் தட்டைக் கழுவிச் சோறு போட்டாள். "சாப்புடு பாவா, ஆறிப்போவுது" என்றாள்.

நூல்நிலையத்துக்குப் போவதை விட்டுவிட்டேன். ஐயா இரண்டு தடவை வீட்டுக்கு வந்து, வேண்டுமானால் அம்மனைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் பதில் சொல்லும் முன்பே அவள் உள்ளேயிருந்து, அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

மறுவருஷம் அரிசிக்கு ரேஷன் கார்டு வந்தது. எங்கள் கார்டில் பாப்பாவையும் சேர்த்து மூன்று பேர் என்று எழுதிவிட்டார்கள். பழைய பட்டியலைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். அதை மாற்றச் சொல்லி ஆபீஸில் கேட்க வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவள் கொடியிலிருந்து புடவையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு என் கையிலிருந்த கார்டை வாங்கிக்கொண்டாள்.

"நீ இரு பாவா. நான் போயி கேட்டுகினு வரேன்."

குரலில் கோபமே இல்லை. அதற்குப் பிறகு வாடகை வீட்டுக்காரரிடமும் அவள்தான் போய்க் கேட்டாள், டாக்டரிடமும் அவள்தான். அடுத்துப் பிறந்தவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவளே போய் வாத்தியார் எதிரில் நின்றாள். இத்தனை வருஷத்தில் யாரிடமும் எதையும் கேட்டு வரச் சொல்லி என்னை அவள் அனுப்பியதே இல்லை.