ராக்கம்மாள் பிடுங்கிய செடி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில், டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தால் ஒரு பருத்தி ஆராய்ச்சிப் பண்ணை வரும். ராக்கம்மாள் அங்கே வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். ஆனாலும் பருத்தி இலையைப் பார்த்துச் சொல்வதில் அந்தப் பண்ணையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

விதைக்கென்று வளர்க்கிற வயலில் எல்லாச் செடியும் ஒரே ரகமாக நிற்க வேண்டும். ஒன்று மட்டும் இலை அகன்றோ, பூ நிறம் மாறியோ நின்றால் அதற்குக் கலவன் என்று பேர். கண்ணில் பட்டதும் பிடுங்கிவிட வேண்டும். ராக்கம்மாள் வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்தாலே போதும், ஆயிரம் செடிக்கு நடுவே அந்த ஒன்று தெரிந்துவிடும். சும்மாவும் பிடுங்கமாட்டாள். அதுவும் சாமி படைத்த உயிர்தானே என்று, "போயிட்டு வா தாயி" என்று சொல்லித்தான் வேரை அசைப்பாள்.

"செடிக்கு வழியனுப்பு விழா நடத்துறா பாரு," என்று கூட வேலை செய்கிற பேச்சி கேலி செய்வாள். "இவ நெரையை முடிக்குமுன்ன பொழுது சாஞ்சிரும்."

"நீ பஸ்ஸு ஏறுறப்ப மூணு வாட்டி கைய ஆட்டுற. அத விடவா?" என்பாள் ராக்கம்மாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் சத்யபிரியா என்கிற மேடம் ஆராய்ச்சிக்கு வந்தார். சின்ன வயசு. ராக்கம்மாளை முதல் நாளே "அக்கா" என்று கூப்பிட்டார். அவருக்கு ஓர் ஆசை. நம் கரிசல் காட்டுக் கருங்கண்ணிப் பருத்தி, மழை பொய்த்தாலும் நிற்கும், பஞ்சுதான் குட்டை. அமெரிக்கப் பருத்திக்குப் பஞ்சு நீளம். தண்ணீர் ஒரு வாரம் தப்பினால் தலை தொங்கிவிடும். இரண்டையும் ஒரே செடியில் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் மொட்டைப் பிரித்து ஆண் பாகத்தை நகத்தால் உரித்தெடுத்து, மறுநாள் காலையில் அடுத்த பருத்தியின் மகரந்தத்தைத் தடவி, நூல் கட்டிவிட வேண்டும். ராக்கம்மாளின் விரல் நூற்றுக்கணக்கில் கட்டியது. எல்லாம் நாலாம் நாள் உதிர்ந்தன. காம்படியில் மருந்துச் சொட்டு வைத்துப் பார்த்ததில் சில பிஞ்சுகள் தங்கின. விதை கிடைத்தது, முளைத்தது, செடி ஆள் உயரம் வந்தது. பூவோ மாலை கட்டலாம் போலப் பூத்தது. காய் மட்டும் ஒன்றுகூட இல்லை.

"ஏன் மேடம், இம்புட்டுப் பூத்தும் ஒண்ணு நிக்கலையே?" என்று ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கேட்டாள்.

சத்யபிரியா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "கருங்கண்ணியோட ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இருபத்தாறு இழை இருக்குக்கா. குரோமோசோம்னு பேரு. செடி எப்படி இருக்கணும்கிறது அதுலதான் எழுதியிருக்கு. அமெரிக்கப் பருத்திக்கு அம்பத்திரண்டு. பிள்ளைக்கு ஆளுக்குப் பாதி குடுக்கும். பதிமூணும் இருபத்தாறும் முப்பத்தொம்பது. அந்த இழைங்க ஜோடி சேந்தாத்தான் விதை பிடிக்கும்."

ராக்கம்மாள் யோசித்தாள். "பொங்கலுக்குக் கோலாட்டம் அடிக்கிற மாதிரி. கம்பு தட்ட எதிர்ல ஆளு வேணும்."

"அதேதான்! இதுல இருபத்தாறு பேரு எப்படியோ ஜோடி சேந்துக்கிறாங்க. பதிமூணு பேரு கம்பைத் தூக்கிக்கிட்டு ஒத்தையா நிக்கிறாங்க. ஆட்டம் கலைஞ்சுபோகுது."

"அப்ப ஆளுக்கொரு ஜோடியக் கூட்டியாந்து விட்டா?"

"அதைத்தான் இந்தப் பட்டத்துல செய்யப் போறேன்," என்று சிரித்தார் சத்யபிரியா.

பேச்சி சாப்பாட்டுத் தூக்கோடு நகர்ந்து வந்தாள். "மனுசனுக்கு எத்தனை இழை மேடம்?"

"நாப்பத்தாறு."

"அடியாத்தே, பருத்திக்குக் கீழயா!"

"அதுகூடப் பரவாயில்ல. இழையில எழுதியிருக்கிற எழுத்தையெல்லாம் கூட்டிப் பாத்தா, வெங்காயத்துக்கு மனுசனைப்போல அஞ்சு மடங்கு. நெல்லுக்கு நம்மள்ல எட்டுல ஒரு பங்குதான்."

பேச்சி கஞ்சிக்குக் கடித்துக்கொண்டிருந்த சின்ன வெங்காயத்தைத் தூக்கிப் பார்த்தாள். "ஏம்ப்பா, இம்புட்டுப் பெரிய மனுசன்னு தெரியாமக் கடிச்சிட்டேன். கோவிச்சுக்காத." எல்லோரும் சிரித்தார்கள்.

ராக்கம்மாளும் சிரித்தாள். ஆனால் பஸ்ஸில் போகும்போது அது மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வெங்காயத்துக்கு அவ்வளவு எழுதியவன், ஊருக்கே சோறு போடுகிற நெல்லுக்கு நாலு வரியில் முடித்திருக்கிறான். அவன் கணக்கில் சின்னது பெரியது கிடையாது போல.

ஐப்பசியில் மேடம் மீதமிருந்த கலப்பு விதை அத்தனையையும் முளைக்கப் போட்டார். நாற்பது கன்று. வேலியோரம் செக்கச்செவேலென்று பூக்கிற கண்வலிக்கிழங்கின் விதையிலிருந்து எடுத்த மருந்தைக் குருத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். அது இழையை இரண்டு மடங்காக்குமாம். மருந்தின் காரத்தில் இருபத்தேழு கன்று கருகிவிட்டது. பதிமூன்றுதான் பிழைத்தது. விதை வயலுக்கு அடுத்த பாத்தியில் நம்பர் குச்சியோடு நட்டார்கள். அதற்குள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: இந்த வருஷமும் காய் பிடிக்காவிட்டால் இந்த ஆராய்ச்சியை நிறுத்திவிட வேண்டும். சத்யபிரியா அதைப் படித்துவிட்டு மேசையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை ராக்கம்மாள் பார்த்தாள்.

தைப்பூசம் வந்தது. லீவு நாள்தான். ஆனால் மறுநாள் அதிகாரிகள் வருகிறார்கள், வயலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சத்யபிரியா கூட்டத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார். ராக்கம்மாள் வருஷம் தவறாமல் பூசத்தன்று திருச்சுழியில் துணைமாலை அம்மன் சந்நிதியில் நிற்கிறவள். கை வயலில் இருந்தது, மனசு சந்நிதியில் இருந்தது. நிரை நிரையாகக் கலவன் பிடுங்கிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் ஒரு செடி குட்டையாக, இலை தடித்துச் சுருண்டு, கருத்த பச்சையாக நின்றது.

"போயிட்டு வா தாயி." பிடுங்கி வரப்பில் போட்டாள்.

நாலு எட்டு நடந்த பிறகுதான் விரலில் அந்த இலையின் தடிமன் உறைத்தது. இத்தனை வருஷத்தில் தொட்டறியாத தடிமன். திரும்பிப் பார்த்தாள். குழிக்குப் பக்கத்தில் நம்பர் குச்சி நின்றது. பதினொன்று. விதை வயல் முடிந்து மேடத்தின் பாத்திக்குள் கால் வைத்தது அவளுக்கே தெரியவில்லை.

ஓடிப்போய்ச் செடியைக் கையில் எடுத்தாள். பேச்சி ஓடிவந்து பார்த்தாள். "ஏன்டி பேய் அறஞ்ச மாதிரி நிக்கிற? யாரு பாத்தா? கரையான் அரிச்சிருச்சுன்னு சொல்லு. ஒத்தச் செடிதான!"

"சாமி பாத்துச்சு. நானும்தான பாத்தேன்."

செடியை வேரோடு ஈரச் சாக்கில் சுற்றிவிட்டுப் போனை எடுத்தாள். "மேடம், பாவி நானு, உங்க செடியப் புடுங்கிட்டேன். பதினொண்ணாம் நம்பரு." குரல் உடைந்துவிட்டது. "எல தடிமனா, சுருண்டு இருந்துச்சு. கலவன்னு நெனச்சிட்டேன்."

மேடம் குறுக்கிட்டார்: "தடிமனாவா? எவ்வளவு தடிமன்?"

"சாணித் தாளு மாதிரி. கை மறக்கல மேடம்."

"அக்கா, அழாதீங்க. நாம தேடுனது அதைத்தான். இழை ரெண்டு மடங்கானா எல தடிக்கும். முன்னாடியே உங்ககிட்ட சொல்லிவச்சிருக்கணும், என் தப்பு. குருத்து வாடலையே? உடனே நுனிகளை வெட்டிக் கருங்கண்ணிக் கன்னுல ஒட்டுக் கட்டுங்க. மாங்கன்னுக்குக் கட்டுவாங்களே, அப்படித்தான். நான் இப்பவே பஸ் ஏறுறேன்."

ராக்கம்மாள் கையைக் கழுவினாள். மொட்டு உரிக்கிற பிளேடைத் துடைத்தாள். மூன்று நுனிதான் தேறியது. பை நாற்றிலிருந்த மூன்று கருங்கண்ணிக் கன்றுகளின் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, நுனியை ஆப்பு மாதிரி செதுக்கிச் செருகி, பாலித்தீன் நாடாவால் சுற்றினாள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பையைக் கவிழ்த்து வேம்பு நிழலில் வைத்தாள். "தாயே, பூசத்தன்னைக்கு உன் வாசலுக்கு வர முடியல. நீ இங்க வந்துரு," என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

குழியில் திரும்ப ஊன்றி வைத்த தாய்ச்செடி மூன்றாம் நாள் பட்டுப்போனது. ஒட்டில் ஒன்று கறுத்தது, இன்னொன்று ஒருவாரம் ஏமாற்றிவிட்டுச் சாய்ந்தது. பதினோராம் நாள் மூன்றாவது கன்றின் பைக்குள் இரண்டு சின்ன இலை விரிந்திருந்தது. ராக்கம்மாள் கையை உள்ளே விட்டுத் தொட்டாள். அதே தடிமன். "மேடம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டது.

மருந்து பிடிக்காத மற்றப் பன்னிரண்டு செடியும் பழையபடி வெறும் பூவாகப் பூத்து உதிர்த்தன. பங்குனியில் ஒட்டுச்செடி மொட்டு வைத்தது. முதல் பூவின் மகரந்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து, "பாருங்கக்கா," என்று சத்யபிரியா நகர்ந்துகொண்டார். முன்பு காட்டியபோது எல்லாம் சூம்பிக் கிடந்தது. இப்போது முள் வைத்த உருண்டைகள் திரண்டு மின்னின. "சாவிப் பதரு இல்ல மேடம், அம்புட்டும் மணி!" என்றாள் ராக்கம்மாள்.

அடுத்த மொட்டு விரியுமுன் அதன் நுனியை நூலால் கட்டிவிட்டாள், தன் மகரந்தமே தன்னில் சேரட்டும் என்று. நாலாம் நாள் யாருக்கும் வேலை ஓடவில்லை. பிஞ்சு உதிரவில்லை. ஐந்தாம் நாளும் இருந்தது. ஏழாம் நாள் சுண்டைக்காய் அளவு திரண்டு நின்றது. பேச்சிதான் ஆபீஸ் வரைக்கும் ஓடினாள்: "நின்னுருச்சு! நின்னுருச்சு! எங்க ராக்கு கட்டுனது நின்னுருச்சு!"

வைகாசியில் காய் வெடித்தது. பதினான்கு விதை. பத்தை ஊன்றியதில் ஒன்பது முளைத்தது. ஆராய்ச்சியை நிறுத்தச் சொன்ன மேலிடமே இன்னொரு கடிதம் அனுப்பி அரை ஏக்கரை அதற்கென்றே ஒதுக்கியது. அந்த ஒன்பது கன்றும் ஒன்றைப்போல ஒன்று இல்லை. ஒன்றுக்குத் தண்டு சிவப்பு, ஒன்றுக்கு இலையெல்லாம் ரோமம், ஒன்று நெடுநெடுவென்று போனது. பார்க்க வந்த அதிகாரி ஒருவர், "இதில் எதெல்லாம் கலவன்மா?" என்று கேட்டார்.

"இதுல கலவனே கெடையாதுங்க சார்," என்றாள் ராக்கம்மாள். "எல்லாம் வேணும்."

புதுப் பருத்தியில் முதல் பஞ்சு சாமிக்குத் திரியாகப் போக வேண்டும் என்பது அவள் வீட்டு வழக்கம். மேடத்திடம் கேட்டு ஒரு சிட்டிகைப் பஞ்சை வாங்கி, தொடையில் வைத்து உருட்டித் திரியாக்கினாள். சத்யபிரியாவும் பேச்சியும் கூட வந்தார்கள். துணைமாலை அம்மன் சந்நிதியில் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்று கேட்டார் குருக்கள்.

"ஒரு செடி பேருக்கு சாமி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"பூசம்," என்றாள் ராக்கம்மாள், கொஞ்சமும் யோசிக்காமல். வெளியே விளக்கில் அந்தத் திரி, அமெரிக்கப் பருத்தியின் நீளத்தோடும் கருங்கண்ணியின் பிடிவாதத்தோடும், காற்றில் அணையாமல் நின்று எரிந்தது.