பொருளடக்கத்தில் மட்டும் இருந்த அத்தியாயம்

சார்வாளின் புத்தகத்தில் ஐந்தாம் அத்தியாயத்தை அழித்தவன் நான். கை தவறி அல்ல... தெரிந்தே அழித்தேன். அதன் பிறகு ஒரு பெண் செத்துப்போனாள். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்தான் இந்தத் துணிச்சலும்!

முதலில் நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. திருநெல்வேலியில் ஓர் அச்சகத்தில் தரை கூட்டப் போனவன், அங்கே சிதறிக் கிடந்த ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பொறுக்கித்தான் வாசிக்கவே கற்றேன். கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நிற்கும் எழுத்தை நான் வாசிக்கும் வேகத்தில், பி.ஏ. படித்தவன் நேர் எழுத்தை வாசிக்க மாட்டான். செங்கோட்டைத் தாலுகா திருவிதாங்கூரை விட்டு நம் பக்கம் சேர்ந்த வருஷம் தென்காசியில் சொந்த அச்சகம் போட்டேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், சீசன் நேரத்தில் குற்றாலத்துக் கடைகளுக்கு லேபிள்... என் அச்சைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று சுரண்டை வரைக்கும் பேச்சு. பெருமைக்காகச் சொல்லவில்லை.

இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இனி உங்களிடம் என்ன ஒளிவுமறைவு?

சார்வாள் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். எங்கள் பக்கத்தில் வாத்தியாரை அப்படித்தான் சொல்லுவோம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வாசகசாலையில் நெசவாளிகளையும் கடைக்காரர்களையும் உட்காரவைத்துப் பேசுவார். அந்தப் பேச்சுகளையே புத்தகமாக எழுதினார்.

விஞ்ஞானம் எதையெல்லாம் கண்டுபிடித்தது என்று சொல்கிற புத்தகம் அல்ல அது. கண்டுபிடித்த பிறகு அதற்கு ஊருக்குள் என்ன கதி நேர்கிறது என்று கேட்ட புத்தகம். அணுவைப் பிளந்தவனால் அதைக் குண்டாக்கிய கையை ஏன் தடுக்க முடியவில்லை? அம்மை குத்த வருகிறவரைக் கண்டு ஜனங்கள் ஏன் கதவைச் சாத்துகிறார்கள்? பிழை ஜனங்களிடமா, அவர்களுக்கு விளங்காத பாஷையில் பேசும் மெத்தப் படித்தவர்களிடமா? இப்படி ஒன்பது அத்தியாயம், ஒன்பது கேள்வி. பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஆட்களிடம் கொடுக்காமல் நானே எழுத்துக் கோத்தேன். என் அச்சகத்தின் முதல் புத்தகம் அல்லவா!

புத்தகம் வாங்க முன்கூட்டிப் பெயர் கொடுத்தவர்களிடம் காட்டுவதற்காக முதல் எட்டுப் பக்கத்தை முன்னதாகவே அடித்து வைத்துவிட்டோம். பொருளடக்கம் அதில்தான் இருந்தது. ஐந்தாவது: ‘நாய்க்கடிக்கு ஊசியா, வேரா?’

அந்த அத்தியாயத்தைக் கோத்துக்கொண்டே போனேன். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஊசியைக் கண்டு அஞ்சுவதில் வெட்கமில்லை, அஞ்சிக்கொண்டேனும் போட்டுக்கொள்ள வேண்டும்... பிள்ளைக்குச் சொல்வதுபோல் எழுதியிருந்தார். கடைசியில், சீசன்தோறும் குற்றாலத்தில் நாய்க்கடிக்கு வேர் விற்கும் ஒரு வைத்தியரின் நோட்டீசைப் பற்றி ஒரு பத்தி. ‘ஊசி வேண்டா. மூன்று நாள் வேரைத் தின்று அருவியில் குளித்தால் விஷம் இறங்கிவிடும்.’ அந்த நோட்டீஸ் எனக்கு மனப்பாடம். அதை அடித்துக் கொடுத்தவனே நான்தானே!

அதற்கும் கீழே சார்வாள் இரண்டு வரி எழுதியிருந்தார். இந்தப் பொய்யைச் சொன்னவருக்கு உள்ள பங்கு, இதை அழகாக அச்சிட்டுக் கொடுத்தவருக்கும் உண்டு. அச்சில் வந்ததையெல்லாம் மெய்யென்று நம்பும் ஊர் இது.

கையிலிருந்த எழுத்து கையிலேயே நின்றது.

என்னைத்தான் சொல்கிறார்! என் எழுத்தைக் கொண்டு, என் விரலாலேயே, என்னை ஏச வைக்கிறார்! வைத்தியர் என் பெரிய வாடிக்கைக்காரர். அவர் கோபித்துக்கொள்வாரே என்று அஞ்சிச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படியிருந்தால்கூட உங்களிடம் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். அது இல்லை. மூன்றாம் வகுப்புக்காரனைப் படித்தவன் குத்திவிட்டான் என்ற ஆங்காரம்... அவ்வளவுதான்!

அந்த இரண்டு வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். எடுத்துவிடக்கூடிய மனுஷர்தான். ஆனால் கேட்டால், அது நான்தான் என்று நானே ஒப்புக்கொண்டது போலாகுமே? எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில், அந்த அத்தியாயத்தின் பக்கங்களைக் கட்டியிருந்த நூலை அவிழ்த்தேன். எழுத்துகளைக் கலைத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட்டேன். சார்வாளின் கையெழுத்துத் தாள்களை மண்ணெண்ணெயில் நனைத்து, மெஷின் உருளையில் இருந்த மையைத் துடைத்தேன்.

கோத்து வைத்த எழுத்து தூக்கும்போது நழுவிக் கொட்டிவிட்டது என்றும், கூரை ஒழுகித் தாள்களும் நனைந்து வீணாயின என்றும் அவரிடம் சொன்னேன். சாரல் காலம், நம்பக்கூடிய பொய். அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

“கால்ல விழலையே அண்ணாச்சி? ஈயம்லா, நல்ல கனமாச்சே.”

அவர் கேட்டது அது ஒன்றைத்தான்! வெளியீட்டு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று, மறுபடி எழுத நேரமில்லை, அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். பொருளடக்கத்தில் அந்த வரிமேல் மட்டும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவிடச் சொன்னார். சரி என்றேன். ஒட்டவில்லை. ஆறாவதை ஐந்தாவது என்று மாற்றிக் கோத்து, எட்டே அத்தியாயத்தோடு புத்தகத்தை முடித்தேன். விழாவில் எனக்கு மாலை போட்டார்கள். பள்ளிக்கூடம் காணாத கைகள் விஞ்ஞானத்தை அச்சேற்றியிருக்கின்றன என்று சார்வாள் பேசினார். நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்... வெட்கம் கெட்டவன்!

கொஞ்ச நாளில் சார்வாளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

அடுத்த சீசன் தொடங்கிய சமயம், ஒரு காலையில் மீரான் அச்சகத்துக்குள் ஓடிவந்தார். நெசவாளி. ஒரு ஞாயிறு தவறாமல் வாசகசாலையில் முன்வரிசையில் உட்கார்ந்து, சார்வாளைக் கேள்வியால் குடைகிறவர். கையில் அந்தப் புத்தகம்.

“அண்ணாச்சி, அஞ்சாவதுன்னு முன்னால போட்டிருக்கு. உள்ள தேடுதேன், காணமே.”

அச்சுப் பிழை என்றேன்.

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். “எங்க வீட்டுக்காரி ஐசாவ நேத்து நாய் கடிச்சிட்டு. இலஞ்சிக்குப் போயிட்டு வார வழியில. ஊசி போடணும்னு நான் சொல்லுதேன். தொப்புளச் சுத்திப் பதினாலு குத்துவாங்களாம்லா, அதுலயே செத்தவங்க உண்டும்னு அவ அழுதா. வீட்டுல எல்லாரும் அவ பக்கம். சார்வாள் எழுதியிருக்கத எழுத்துல காட்டுனா கேப்பாங்கன்னுதான் இதத் தூக்கிட்டு ஓடியாந்தேன்.”

எழுத்தில் காட்டினால்... கேட்டீர்களா?

அந்த அத்தியாயம் ஒவ்வோர் எழுத்தாக என் விரல் வழியே போனது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒப்பித்திருப்பேன். ‘ஊசிதான் போடச் சொல்லி எழுதியிருந்தார், ஓடு’ என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்து அவர் கேட்பாரே... அப்படியென்றால் அந்தப் பக்கம் எங்கே போயிற்று என்று?

“நான் அச்சடிக்கிறவன் பாய். வைத்தியத்தப் பத்தி எனக்கென்ன தெரியும்?”

தெரியாது என்ற சொல்லை அதுவரை என் வாழ்நாளில் நான் சொன்னதே இல்லை. அன்றைக்குச் சொன்னேன்.

மேசைமேல் வைத்தியரின் அந்த வருஷத்து நோட்டீஸ், மை வாசம் மாறாமல் அடுக்கியிருந்தது. மீரானின் கண் அதில் விழுந்தது. எடுத்து நின்றபடியே வாசித்தார்.

“இது உங்க அச்சுதான அண்ணாச்சி?”

“ஆமா.”

அவர் அதை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனார். நான் கூப்பிடவில்லை. தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். கூப்பிடவில்லை!

மூன்று நாள் வேரைத் தின்னவைத்து அருவிக்குக் கூட்டிப்போனார்களாம். காயம் ஆறிவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும்தான். ஒரு மாதத்துக்குமேல் ஆகியிருக்கும்... ஒரு நாள் தம்ளரில் தண்ணீர் கொடுத்ததற்கு ஐசா அலறினாளாம். அப்புறம் சாரல் காற்று முகத்தில் பட்டதற்கே துடித்தாளாம். நம் ஊரில் அந்த மாதத்தில் காற்றும் தண்ணீரும் இல்லாத இடம் எங்கே இருக்கிறது? சன்னலையெல்லாம் சாக்கு வைத்து அடைத்தார்கள். இரண்டு நாளில் முடிந்துவிட்டது.

அந்தப் பக்கங்கள் இருந்திருந்தால் அவள் ஊசி போட்டுக்கொண்டிருப்பாளா? ஒருவேளை அப்போதும் மறுத்திருப்பாளோ? இப்படிக் கேட்டு என்னை நானே தேற்றிப் பார்த்திருக்கிறேன். தேறவில்லை. கேட்க ஒருவர் வாசலுக்கே வந்தாரே... அவரை வெறுங்கையோடுகூட நான் அனுப்பவில்லையே!

அதற்கடுத்த சீசனுக்கும் அந்த நோட்டீசை அடித்தேன். நிறுத்தினால் ஏன் என்று யாராவது கேட்பார்களே என்ற பயம். இதையும் எழுதிவிடுகிறேன்.

ஐசா செத்த அந்த வருஷமே ஒரு நாள் மீரான் மறுபடி வந்தார். மெலிந்திருந்தார். ஏசத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். வாங்கிக்கட்டிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு கணம் ஆசையாக இருந்தது. அவர் புத்தகத்தை விரித்துப் பொருளடக்கத்தில் விரலை வைத்தார்.

“இந்த வரிய மட்டும் அடிச்சிருங்க அண்ணாச்சி. மிச்சம் கெடக்க புத்தகம் எல்லாத்துலயும். இன்னொருத்தன் இத நம்பித் தேடிட்டு நிக்கக் கூடாது.”

விற்காத பிரதிகள் பரண்மேல் கட்டுக்கட்டாக இருந்தன. இறக்கினேன். அவர் எனக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பிடித்தார். நான் அளவுகோலை வைத்துக் கறுப்பு மையால் கோடு போட்டேன். எதிர்ப்பக்கத்தில் ஒட்டிவிடக் கூடாதென்று ஒவ்வொரு கோட்டையும் அவர் வாயால் ஊதிக் காயவைத்தார். மத்தியானம்வரை அந்த வேலை நடந்தது. நாங்கள் இரண்டு பேர்தான். வாயைத் திறக்க எத்தனை பிரதி, எத்தனை தடவை வாய்த்தது எனக்கு!

கடைசிப் புத்தகத்தை மூடும்போது மீரான் சொன்னார்:

“ஒரு கோடுகூடக் கோணல அண்ணாச்சி. உங்க கை நிதானம் யாருக்கும் வராது.”

அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.